நாம் சேர்த்த இணைப்புகள் எங்கே இருக்கின்றன?

(ஒன்றிய அளவில் நடைபெற்ற ஆசிரியர் பணிமனையில், அரசு உயர்நிலைப் பள்ளி அறிவியல் ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மதிய உணவுக்குப் பிந்தைய அமர்வு எனக்கு வாய்த்திருக்கிறது. அதிலும் தலைப்பில் 'லினக்ஸ் சர்வர்' என்ற சொல் வேறு இருக்கிறது. நிகழ்ச்சி நிரலைப் பார்த்ததும் சிலர் கைப்பேசியை வெளியே எடுத்ததைக் கவனித்தேன். தப்பில்லை. முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் கணினி ஆசிரியர் இல்லை. உங்களைப் போல அறிவியல் பாடம் நடத்தி, வினாத்தாள் திருத்தி, எமிஸில் பதிவு போடுகிறவன்தான். இந்த வேலையை நான் தப்புத்தப்பாகச் செய்து கற்றுக்கொண்டேன். அந்தத் தப்புகளையும் சேர்த்தே சொல்லப் போகிறேன்.

ஒரு கேள்வியோடு தொடங்குகிறேன். யாரோ ஒரு நல்ல லிங்க் அனுப்புகிறார்கள். 'பாடம் வரும்போது பார்த்துக்கொள்ளலாம்' என்று விட்டுவிடுகிறோம். பாடம் வரும் நாளில் தேடினால் கிடைப்பதில்லை. இந்த ஆண்டில் உங்களில் எத்தனை பேருக்கு இப்படி நடந்திருக்கிறது? கை தூக்குங்கள்... சரி, தூக்காதவர்களை எண்ணுவதுதான் எளிது போலிருக்கிறது.

ஒரு பாடவேளை போன கதை

எட்டாம் வகுப்பில் ஒளியியல் பாடம். ஒளிவிலகலைத் திரையில் காட்டலாம் என்று போனேன். அதற்கான லிங்க் ஆசிரியர் வாட்ஸ்அப் குழுவில் இரண்டு ஆண்டுகளுக்கு முன் வந்தது என்பது நினைவில் இருந்தது. வகுப்பறையில் நின்றுகொண்டு மேலே மேலே தள்ளினேன். காலை வணக்கப் படங்கள், சுற்றறிக்கைகள், பிறந்தநாள் வாழ்த்துகள், 'உடனே அனுப்பவும்' என்ற செய்திகள். இவற்றுக்கு நடுவே அது எங்கேயோ இருக்கிறது. பத்து நிமிடத்துக்கு மேல் போனது. பிள்ளைகள் பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

கடைசியில் கிடைத்தது. திரையில் திறந்தேன். வந்தது பாடம் இல்லை. பணம் கட்டிச் சீட்டு விளையாடச் சொல்லும் விளம்பரம். வகுப்பே சிரித்தது. கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன், "சார், எங்க அப்பா ஆடுறாரு சார் இது" என்றான். அப்போது சிரிப்பு நின்றுவிட்டது. நான் திரையை அணைத்துவிட்டுக் கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் ஊற்றிப் பென்சிலைப் போட்டுப் பாடத்தை முடித்தேன்.

பிறகுதான் காரணம் புரிந்தது. இணையதளப் பெயர் என்பது விலைக்கு வாங்குவது இல்லை, ஆண்டுக் கட்டணத்துக்கு எடுப்பது. கட்டணம் கட்டாமல் விட்டால் அந்தப் பெயரை வேறு யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். லிங்க் அதேதான், உள்ளே இருக்கும் ஆள் மாறிவிட்டார். அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2024இல் ஒரு கணக்கு வெளியிட்டது. 2013இல் இருந்த இணையப் பக்கங்களில் 38 விழுக்காடு, பத்து ஆண்டுகள் கழித்துத் திறக்கவில்லை. நாம் சேர்த்து வைத்த பழைய லிங்க்குகளிலும் இதே கதைதான் நடந்துகொண்டிருக்கும்.

டீச்சர் கொடுத்த பென் டிரைவ்

இரண்டாவது நிகழ்ச்சி அதே ஆண்டு மே மாதம். எங்கள் பள்ளியின் சமூக அறிவியல் டீச்சர் பணி ஓய்வு பெறவிருந்தார். பாடத்துக்கு ஏற்ற நல்ல காணொலி, வரைபடம், பழைய புகைப்படம் எது வேண்டும் என்றாலும் நாங்கள் அவரிடம்தான் கேட்போம். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் எந்த நூல் இருக்கிறது, 1998 முதல் இயங்கிவரும் மதுரைத் திட்டத்தில் எது கிடைக்கும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். தன் கணினியின் உலாவியில் நானூறுக்கு மேற்பட்ட பக்கங்களைப் புக்மார்க் செய்து வைத்திருந்தார்.

ஓய்வுபெற ஒரு மாதம் இருக்கும்போது ஆசிரியர் அறையில் என்னிடம், "தம்பி, இதெல்லாம் என்கூடவே போயிடுமா?" என்று கேட்டார். எனக்கு உடனே பதில் சொல்லத் தெரியவில்லை. மறுநாள் அந்தப் புக்மார்க் தொகுப்பை ஒரே கோப்பாக ஏற்றுமதி செய்து பென் டிரைவில் கொண்டுவந்து கொடுத்தார்.

இந்த இரண்டும் சேர்ந்துதான் என்னை இந்த வேலைக்குத் தள்ளின. எனக்குத் தேவைப்பட்டது இவ்வளவுதான்: பள்ளிக்கு ஒரு பொதுவான லிங்க் பெட்டி. வகுப்பு, பாடம் வாரியாகத் தேட வேண்டும். யார் ஓய்வு பெற்றாலும், யார் மாறுதலில் போனாலும் அது பள்ளியிலேயே இருக்க வேண்டும்.

ஏன் நம் இடத்திலேயே வைக்க வேண்டும்?

'இதற்கென்று இணையத்தில் இலவசச் சேவைகள் இருக்கின்றனவே?' என்று கேட்கலாம். இருக்கின்றன. அவற்றின் வரலாற்றையும் கொஞ்சம் பாருங்கள். 2003இல் ஜோஷுவா ஷாக்டர் என்பவர் 'டெலிஷியஸ்' என்ற புக்மார்க் சேவையைத் தொடங்கினார். பக்கங்களுக்குக் குறிச்சொல் போட்டுச் சேமிக்கும் பழக்கத்தை உலகம் முழுவதும் பரப்பியது அதுதான். 2005இல் யாகூ அதை வாங்கியது. 2011இல் வேறொரு நிறுவனத்துக்குக் கைமாறியது. 2017இல் 'பின்போர்டு' வாங்கி, புதிதாக எதையும் சேர்க்க முடியாதபடி நிறுத்தியது. கூகுள் புக்மார்க்ஸ் 2021 செப்டம்பரில் மூடப்பட்டது. மொசில்லாவின் 'பாக்கெட்' 2025 ஜூலை 8இல் நிறுத்தப்பட்டது.

இந்த நிறுவனங்களைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. அவர்களுக்குக் கட்டுப்படியாகவில்லை, நிறுத்தினார்கள். பயன்படுத்தியவர்கள் தங்கள் தொகுப்பை எடுத்துக்கொள்ள அவகாசமும் தந்தார்கள். ஆனால் ஒரு பள்ளியின் தொகுப்பு முப்பது ஆண்டு நிற்க வேண்டும் என்றால், மூடுவதா வேண்டாமா என்ற முடிவு நம் கையில் இருப்பது நல்லது.

நேர்மையாக இன்னொன்றும் சொல்ல வேண்டும். உங்கள் பள்ளியில் மூன்று ஆசிரியர்கள், ஐம்பது லிங்க்குகள் என்றால் இவ்வளவு ஏற்பாடு தேவையில்லை. ஒரு பொதுவான விரிதாளில் வகுப்பு, பாடம், லிங்க், குறிப்பு என்று நான்கு பத்திகள் போட்டால் போதும். லிங்க்குகள் சில நூறைத் தாண்டும்போதும், பல பேர் சேர்க்கும்போதும்தான் நான் சொல்லப்போகும் முறை பயன்படும்.

என்னென்ன வேண்டும்?

ஒரு பழைய மேசைக் கணினி. எங்களுக்கு முன்னாள் மாணவர் ஒருவர் தன் கடையில் ஓரமாகக் கிடந்ததைக் கொடுத்தார். நான்கு ஜிபி நினைவகம், 64 பிட் செயலி. விண்டோஸ் ஏற்றினால் முனகும் கணினி அது. லினக்ஸுக்கு அது தாராளம். ஹைடெக் ஆய்வகக் கணினிகளைத் தயவுசெய்து தொடாதீர்கள். அவை துறையின் சொத்து, அவற்றின் பராமரிப்பு முறை வேறு. தனிக் கணினியாக இருந்தாலும் தலைமை ஆசிரியரிடம் எழுத்து மூலம் அனுமதி பெற்று, இருப்புப் பதிவேட்டில் ஏற்றிவிடுங்கள். நாங்கள் அப்படித்தான் செய்தோம்.

லினக்ஸ் நமக்குப் புதிதும் இல்லை. அரசு மாணவர்களுக்கு வழங்கிய மடிக்கணினிகளில் விண்டோஸோடு 'பாஸ்' லினக்ஸும் இருந்தது நினைவிருக்கும். அதை உருவாக்கியது சி-டாக் நிறுவனம். பக்கத்துக் கேரளத்தில் அரசுப் பள்ளிகளின் கணினிப் பாடமே லினக்ஸில்தான் நடக்கிறது.

நான் போட்டது 'டெபியன்'. 1993 முதல் தன்னார்வலர்களால் வளர்க்கப்படும் லினக்ஸ் வகை. நிறுவும்போது எந்தெந்த மென்பொருள்கள் வேண்டும் என்று ஒரு பட்டியல் வரும். அதில் வரைகலைத் திரை எதையும் தேர்ந்தெடுக்காமல், எஸ்எஸ்எச் சர்வரை மட்டும் தேர்ந்தெடுத்தேன். அப்படிச் செய்தால் பழைய கணினிக்குப் பாரம் குறையும். பிறகு மானிட்டர், விசைப்பலகை எதுவும் இல்லாமல் அலமாரி மேல் வைத்துவிடலாம். வேறு கணினியிலிருந்தே அதற்குக் கட்டளை கொடுக்கலாம்.

அடுத்தது முகவரி. பள்ளி வைஃபையில் இணையும் ஒவ்வொரு கருவிக்கும் ரவுட்டர் ஓர் எண் கொடுக்கும். அது மாறிக்கொண்டே இருக்கும். நம் சர்வரின் எண் மட்டும் மாறக்கூடாது. ரவுட்டரின் அமைப்புப் பக்கத்துக்குப் போய், 'இந்தக் கணினி வந்தால் எப்போதும் இந்த எண்ணையே கொடு' என்று ஒதுக்கி வைக்க வேண்டும். எங்களுடையது 192.168.1.50. இதைச் செய்யாமல் விட்டால், மின்தடை வந்து போனதும் 'சர்வர் காணோம்' என்று எல்லோரும் உங்களைத் தேடி வருவார்கள்.

லிங்க்டிங் நிறுவிய விதம்

புக்மார்க் மேலாண்மைக்குப் பல கட்டற்ற மென்பொருள்கள் உண்டு. 'ஷார்லி' மிகவும் சிறியது. 'லிங்க்வார்டன்' வசதிகள் அதிகம் உள்ளது. நான் தேர்ந்தெடுத்தது 'லிங்க்டிங்'. எளிமையானது, பழைய கணினியில் ஓடும், தனியாக ஒரு தரவுத்தளச் சர்வர் தேவையில்லை. எல்லாத் தகவலும் ஒரே எஸ்கியூலைட் கோப்பில் உட்கார்ந்துவிடும்.

அதை ஓட்ட 'டாக்கர்' என்ற கருவி வேண்டும். டாக்கர் என்றால் என்ன? வீட்டிலிருந்து கொண்டுவரும் அடுக்குக் கேரியரை நினைத்துக்கொள்ளுங்கள். சோறு, குழம்பு, பொரியல் எல்லாம் அதற்குள்ளேயே இருக்கிறது. பள்ளியில் அடுப்பு மூட்ட வேண்டியதில்லை, திறந்து சாப்பிட வேண்டியதுதான். அதுபோல ஒரு மென்பொருளும் அது ஓடத் தேவையான துணைப் பொருள்களும் ஒன்றாகக் கட்டப்பட்டு வரும். அந்தக் கட்டுக்குக் 'கன்டெய்னர்' என்று பெயர். டெபியனின் மென்பொருள் களஞ்சியத்திலேயே டாக்கர் இருக்கிறது. ஒரே கட்டளையில் நிறுவிவிடலாம்.

லிங்க்டிங்கைத் தொடங்கும் கட்டளை அதன் ஆவணப் பக்கத்திலேயே தயாராக இருக்கிறது, அப்படியே எடுத்து ஒட்டலாம். ஆனால் அதில் மூன்று பகுதிகள் எதற்கு என்று புரிந்துகொண்டுதான் ஒட்ட வேண்டும்.

முதலாவது, வாசல் எண். ஒரே கணினியில் பல சேவைகள் ஓடலாம். எந்த வாசலில் வந்தால் எந்தச் சேவை என்று சொல்ல ஒரு எண் தேவை. லிங்க்டிங்கின் வாசல் 9090. உலாவியில் கணினியின் முகவரி, பிறகு முக்காற்புள்ளி, பிறகு 9090 என்று அடித்தால் அது திறக்கும்.

இரண்டாவது, தகவல் வைக்கும் இடம். கன்டெய்னருக்குள் லிங்க்டிங் தன் தரவை வைக்கும் கோப்புறையை, நம் கணினியில் நாம் உருவாக்கிய ஒரு கோப்புறையோடு இணைக்க வேண்டும். கட்டளையில் அதற்கென்று ஒரு வரி இருக்கிறது.

மூன்றாவது, மின்சாரம் போய் வந்தால் தானாக எழ வேண்டும் என்ற குறிப்பு; எடுத்த கட்டளையில் அது இல்லாவிட்டால் நாமே சேர்த்துக்கொள்ள வேண்டும். நம் ஊருக்கு இது கட்டாயம்.

கடைசியாக, நிருவாகிக்கு ஒரு பயனர் பெயரும் கடவுச்சொல்லும் உருவாக்கும் கட்டளை. அவ்வளவுதான். கட்டளைகளை நான் விரலால் தட்டிய நேரம் அரை மணிகூட இருக்காது. அதற்கு முன் டெபியன் நிறுவ ஒரு மாலை போனது.

நான் செய்த தவறு

நான் முதல் தடவை செய்தபோது அந்த இரண்டாவது வரியை விட்டுவிட்டேன். நீளமாக இருக்கிறதே, அது இல்லாமலும் ஓடுகிறதே என்று நினைத்தேன். உண்மையில் ஓடியது. டீச்சர் கொடுத்த கோப்பை அமைப்புப் பக்கத்தில் இறக்குமதி செய்தேன். நானூறு லிங்க்குகளும் வரிசையாக வந்து நின்றன. எல்லா உலாவிகளும் புக்மார்க்குகளை ஒரே வடிவில்தான் ஏற்றுமதி செய்கின்றன என்பதால் அதில் சிக்கலே இல்லை.

பிறகு டீச்சரும் நானும் இரண்டு வாரம் உட்கார்ந்தோம். மாலை நான்கரைக்கு மேல். ஒவ்வொரு லிங்க்கையும் திறந்து பார்த்தோம். ஏறக்குறைய மூன்றில் ஒன்று திறக்கவில்லை, அவற்றை நீக்கினோம். மீதிக்கு டீச்சர் ஒவ்வொன்றாகக் குறிப்பு எழுதினார். 'இந்த வரைபடத்தைக் காட்டும்முன் ஆற்றின் பெயரைக் கேள், பிறகு காட்டு.' 'இந்தக் காணொலியில் மூன்றாவது நிமிடத்திலிருந்து போதும்.' 'பிள்ளைகள் இந்த இடத்தில் எப்போதும் குழம்புவார்கள்.' முப்பது ஆண்டு வகுப்பறை அந்தக் குறிப்புகளில் இருந்தது.

அவர் ஓய்வு பெற்ற மறுவாரம் லிங்க்டிங்கின் புதிய பதிப்பு வந்திருப்பதைப் பார்த்தேன். டாக்கரில் புதுப்பிப்பது என்றால் பழைய கன்டெய்னரை நீக்கிவிட்டுப் புதியதை ஓட விடுவது. நீக்கினேன். இடத்தை அடைக்கிறதே என்று, பயன்படாதவற்றைத் துடைக்கும் கட்டளையையும் சேர்த்துக் கொடுத்தேன். புதியதைத் தொடங்கினேன். உள்ளே ஒன்றுமே இல்லை.

வாடகை வீட்டுச் சுவரில் கணக்கு எழுதி வைத்துவிட்டு, வீட்டை இடித்தவன் கதைதான். தகவல் கன்டெய்னருக்குள்ளேயே இருந்தது, கன்டெய்னரோடு போய்விட்டது. லிங்க்குகள் பென் டிரைவில் இருந்தன. குறிப்புகள் வேறு எங்கும் இல்லை.

மூன்று நாள் டீச்சருக்குப் போன் செய்யவில்லை. செய்யத் தைரியம் வரவில்லை. நான்காவது நாள் வீட்டுக்கே போய்ச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "போர்டை அழிச்சா திரும்ப எழுதறதுதானே தம்பி நம்ம வேலை. ஜூன்ல வரேன்" என்றார். சொன்னபடி வந்தார். ஓய்வு பெற்றவர், வாரத்துக்கு இரண்டு மாலை வந்து மறுபடியும் எழுதிக் கொடுத்தார். முதலில் எழுதியது எல்லாம் திரும்ப வந்தது என்று சொல்ல மாட்டேன். சில குறிப்புகள் அவருக்கே நினைவில்லை.

காப்பு எடுக்கும் முறை

ஆகவே, இந்த உரையில் ஒன்றை மட்டும் எழுதிக்கொள்வதென்றால் இதை எழுதிக்கொள்ளுங்கள். லிங்க்டிங்கில் முழுக் காப்பு எடுக்க ஒரு கட்டளை இருக்கிறது. தரவு முழுவதையும் ஒரே ஜிப் கோப்பாகக் கட்டிக் கொடுக்கும். எங்கள் பள்ளியில் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அது தானாக ஓடும்படி அமைத்திருக்கிறேன். மாதத்தின் கடைசி வேலைநாளில் அந்தக் கோப்பை ஒரு பென் டிரைவில் நகலெடுத்துத் தலைமை ஆசிரியர் அறை பீரோவில் வைக்கிறோம். சர்வர் ஓர் அறையிலும் காப்பு இன்னோர் அறையிலும் இருப்பதற்குக் காரணம் உண்டு. மழைநீர் ஒழுகினாலும், திருட்டுப் போனாலும் ஒன்றாவது மிஞ்சும்.

காப்பு எடுத்தால் மட்டும் போதாது, மீட்டும் பார்க்க வேண்டும். ஆண்டுக்கு இரண்டு முறை, காலாண்டு விடுமுறைக்கு முன்பும் முழு ஆண்டுத் தேர்வுக்குப் பின்பும், அந்த ஜிப் கோப்பை வேறொரு கணினியில் ஒரு புதிய கோப்புறையில் விரித்து, லிங்க்டிங்கை அதோடு இணைத்துத் தொடங்கிப் பார்க்கிறேன். எல்லாம் வருகிறதா, டீச்சர் குறிப்புகள் வருகின்றனவா என்று சரிபார்த்தபிறகே நிம்மதி.

குறிச்சொல்லுக்கு ஓர் ஒழுங்கு

இனி அன்றாடப் பயன்பாடு. லிங்க்டிங்கில் அடைவு, உள் அடைவு கிடையாது, குறிச்சொல் மட்டும்தான். ஒரு லிங்க்குக்கு எத்தனை குறிச்சொல் வேண்டுமானாலும் போடலாம். இது நமக்கு வசதி. ஒரே நிலநடுக்கக் காணொலி அறிவியலுக்கும் ஆகும், சமூக அறிவியலுக்கும் ஆகும். இரண்டு குறிச்சொல்லும் போட்டுவிடலாம்.

இடைவெளி விட்டால் அடுத்த குறிச்சொல் என்று எடுத்துக்கொள்ளும் என்பதால், நாங்கள் சொற்களை இடைக்கோட்டால் சேர்க்கிறோம். 'வகுப்பு-8', 'அறிவியல்', 'ஒளியியல்', 'காணொலி' என்று நான்கு. வகுப்பு, பாடம், அலகு, வடிவம் என்ற வரிசை. முதல் மாதம் ஒருவர் 'வகுப்பு-8' என்றும், இன்னொருவர் 'எட்டாம்-வகுப்பு' என்றும், மற்றொருவர் 'ஸ்டாண்டர்டு-8' என்றும் போட்டோம். தேடினால் பாதிதான் வந்தது. ஒரு தாளில் குறிச்சொல் பட்டியலை எழுதி ஆசிரியர் அறையில் ஒட்டியபிறகு சரியானது. மென்பொருளைவிட அந்தத் தாள் முக்கியம்.

ஒளிவிலகலுக்கு நான் தேடிய மாதிரி வசதி, கொலராடோ பல்கலைக்கழகத்தின் 'பெட்' உருவகப்படுத்தல்களில் இருக்கிறது. அவற்றில் பலவற்றைத் தரவிறக்கி வைத்துக்கொண்டால் இணையம் இல்லாமலும் ஓட்டலாம். அப்படித் தரவிறக்கியவற்றுக்கு 'கையிருப்பு' என்று ஒரு குறிச்சொல். நம் சர்வர் லிங்க்கைத்தான் காக்கிறது, லிங்க்குக்குப் பின்னால் இருக்கும் பாடத்தைக் காப்பதில்லை என்பதை மறக்கக் கூடாது. இணையம் போனால் பட்டியல் திறக்கும், பாடம் திறக்காது.

பக்கம் மறைந்துவிடும் பயத்துக்கு ஓரளவு மருந்து உண்டு. 1996இல் தொடங்கப்பட்ட 'இன்டர்நெட் ஆர்கைவ்' என்ற அமைப்பு இணையப் பக்கங்களின் நகல்களைச் சேமித்து வருகிறது. நாம் ஒரு லிங்க்கைச் சேர்க்கும்போதே அங்கே ஒரு நகல் எடுக்கச் சொல்லும் வசதி லிங்க்டிங்கின் அமைப்புகளில் இருக்கிறது. மூலப் பக்கம் போனாலும் நகலைப் பார்க்கலாம். காணொலிகளுக்கு இதை நம்ப வேண்டாம்.

வகுப்பில் திறக்கும் முன் அன்று காலை ஒரு முறை திறந்து பாருங்கள். சீட்டு விளம்பரம் என்னைப் பிடித்தது போல உங்களைப் பிடிக்க வேண்டாம்.

பிள்ளைகளின் விவரம்

பொதுப் பெட்டி திறந்தவுடன் மற்ற ஆசிரியர்களும் தங்கள் புக்மார்க் கோப்புகளைக் கொடுத்தார்கள். அவற்றை இறக்குமதி செய்து பார்த்தபோது ஒரு லிங்க் என்னைத் திடுக்கிட வைத்தது. ஓர் இணைய விரிதாள். உள்ளே மாணவர் பெயர், பெற்றோர் கைப்பேசி எண், வங்கிக் கணக்கு எண். உதவித்தொகைக்காக எப்போதோ அவசரமாகத் தயாரித்தது. 'லிங்க் வைத்திருக்கும் யாரும் பார்க்கலாம்' என்ற அமைப்பில் இரண்டு ஆண்டாகத் திறந்தே கிடந்தது. யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. அவசரத்தில் செய்துவிட்டு மறந்துவிட்டோம். அன்றே அதைத் தயாரித்தவரைக் கொண்டு பூட்டினோம்.

அதன்பிறகு மூன்று விதிகள் வைத்தோம். மாணவர் விவரம் உள்ள எந்த லிங்க்கும் இந்தப் பெட்டிக்குள் வராது. ஒவ்வோர் ஆசிரியருக்கும் தனிப் பயனர் கணக்கு, அவரவர் சேர்ப்பது அவருக்கு மட்டும் தெரியும், பாடத்துக்கானதை மட்டும் அவரே தேர்ந்து 'பகிர்' என்று குறிப்பார். மூன்றாவது, இந்தச் சர்வர் பள்ளி வளாகத்தைத் தாண்டாது. வெளியிலிருந்து திறக்கும்படி ரவுட்டரில் வாசல் திறந்துவிடச் சொல்லி உங்களிடமும் கேட்பார்கள். என்னிடமும் கேட்டார்கள். 'வீட்டிலிருந்து பார்க்க வசதியாக இருக்குமே சார்' என்பார்கள். பூட்டில்லாமல் அப்படித் திறந்துவிட்டால் உலகத்தின் எந்த மூலையிலிருந்தும் அந்தக் கதவைத் தட்டிப் பார்ப்பார்கள். எச்டிடிபிஎஸ் பாதுகாப்பு, விபிஎன் இவற்றை முறையாக அமைக்கத் தெரிந்தவர் துணை இல்லாமல் அதைச் செய்யாதீர்கள். நான் செய்யவில்லை.

எங்கள் வளாகத்திலேயே தொடக்கப் பள்ளியும் இருக்கிறது. அவர்களும் அதே வைஃபைதான். எண்ணும் எழுத்தும் வகுப்புகளுக்கான பாடல்கள், கதைகள் என்று இப்போது எங்களைவிட அவர்கள்தான் அதிகம் சேர்க்கிறார்கள். தொடக்கப் பள்ளித் தலைமை ஆசிரியை வாரம் ஒருநாள், 'இந்த வாரம் புதுசா என்ன வந்திருக்கு?' என்று பார்ப்பதைப் பழக்கமாகவே வைத்திருக்கிறார்.

நான் போன பிறகு?

கடைசியாக ஒன்று. அடுத்த மாறுதல் கலந்தாய்வில் நான் விண்ணப்பிக்கப் போகிறேன். சொந்த ஊர்ப் பக்கம் போக வேண்டியிருக்கிறது. இதைச் சொன்னதும் எங்கள் தலைமை ஆசிரியர் கேட்ட முதல் கேள்வி, "அந்தப் பெட்டியை யார் பார்ப்பாங்க?" என்பதுதான். ஓய்வுபெறும் முன் டீச்சர் என்னிடம் கேட்ட அதே கேள்வி. யார் போனாலும் நிற்க வேண்டும் என்று தொடங்கிவிட்டு, எல்லாவற்றையும் என் தலைக்குள் மட்டும் வைத்திருந்தால் நானே அந்தக் கன்டெய்னராகிவிடுவேன்.

அதனால் நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கினேன். கணினியை எப்படி அணைப்பது, எப்படி எழுப்புவது, முகவரி என்ன, காப்பு எங்கே வருகிறது, மீட்பது எப்படி, புதுப்பிப்பது எப்படி என்று ஒவ்வொரு கட்டளையையும் கையால் எழுதினேன். கடவுச்சொல் நோட்டில் இல்லை. அது உறையிலிட்டு முத்திரை வைத்துத் தலைமை ஆசிரியர் பீரோவில் இருக்கிறது. பிறகு எங்கள் கணித டீச்சரிடம் நோட்டைக் கொடுத்து, நான் அறைக்கு வெளியே போய் நின்றுகொண்டேன். நோட்டை மட்டும் பார்த்துக் காப்பை மீட்டுக் காட்ட வேண்டும் என்பது சோதனை. முதல் முறை ஏழாவது படியில் நின்றுவிட்டார். நான் ஒரு வரி எழுதாமல் விட்டிருந்தேன். சேர்த்தேன். இரண்டாம் முறை முழுவதும் செய்துவிட்டார். அவர் அதற்கு முன் லினக்ஸைத் தொட்டதே இல்லை.

நாளை பள்ளிக்குப் போனதும் சர்வர் அமைக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. முதலில் உங்கள் உலாவியில் இருக்கும் புக்மார்க்குகளை ஏற்றுமதி செய்து ஒரு பென் டிரைவில் வையுங்கள், ஐந்து நிமிட வேலை. பிறகு உங்கள் பள்ளியில் அடுத்து ஓய்வு பெறப் போகிறவர் யார் என்று பாருங்கள். அவரோடு ஒரு மாலை உட்காருங்கள். அவர் வைத்திருப்பதில் பத்து லிங்க்குக்காவது, அதை வகுப்பில் எப்படிப் பயன்படுத்துவார் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். நோட்டில் எழுதினாலும் சரி. சர்வரை ஜூன் மாதத்திலும் அமைக்கலாம். அவர் மே மாதத்தோடு போய்விடுவார்.

நிறுவ விரும்பும் பள்ளிகள் தேநீர் இடைவேளையில் என்னிடம் வாருங்கள். நோட்டின் நகல் பத்துப் பிரதி எடுத்து வந்திருக்கிறேன்.